கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி-யும்: அந்த 59 சதவீதக் கணக்கு உண்மையா?

வெள்ளாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தங்கச்சி வீட்டுக்காரர் போன மாதம் ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தார். ரத்த வங்கியில் இருந்து கூப்பிட்டு, ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கண் மஞ்சள் இல்லை, பசி இருக்கிறது, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. அவருடைய அம்மா, "ஆஸ்பத்திரி மாத்திரை ஈரலைக் கெடுக்கும், கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் ஒரு மண்டலத்தில் போய்விடும்" என்கிறார். ஆதாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது: சென்னைப் பல்கலைக்கழகம் நிரூபித்ததாம், 59 சதவீதம் பேருக்குக் கிருமியே போய்விட்டதாம், லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்ததாம். தங்கச்சி பயந்துபோய் எனக்கு அனுப்பினாள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த ஆய்வு நிஜமா? செடியில் உண்மையிலேயே என்ன இருக்கிறது? மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாமா?

வரப்போரம்

ஆய்வைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். முதலில் செடி சரிதானா என்று பாருங்கள். மழைக்கு அப்புறம் வரப்பில் முளைக்கிற சின்ன இலைச் செடி எல்லாவற்றையும் நம்மாட்கள் கீழாநெல்லி என்று பிடுங்கிவிடுவார்கள்.

நீங்கள் தேடுவது ஃபில்லாந்தஸ் அமாரஸ். நாம் ஊறுகாய் போடுகிற நெல்லியும் அதே பேரினம்தான், இது ஒரு முழ உயரத்துக்கு மேல் அதிகம் போகாத தங்கை. நடுத்தண்டில் இலை இருக்காது. பக்கத்தில் போகிற மெல்லிய குச்சிகளில்தான் இரண்டு வரிசையாக இலை இருக்கும், பார்த்தால் புளிய இலை மாதிரி தெரியும். குச்சியைத் திருப்பினால் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காய்கள் காம்போடு வரிசையாகத் தொங்கும். சாயங்காலம் இலை மூடிக்கொள்ளும். மென்றால் கசக்கும்.

தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, அதாவது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. சந்தேகம் வந்தால் முற்றிய காயை நசுக்கி, விதையை லென்ஸில் பாருங்கள். அமாரஸ் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும், யூரினேரியாவில் குறுக்குவாக்கில். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. நடுத்தண்டிலேயே இலை இருந்தால் அது மேலாநெல்லி.

பழைய புத்தகங்களில் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று போட்டிருக்கும். அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரில் அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று செடிகளைக் கலந்துகட்டி எழுதிக்கொண்டிருந்தோம் என்று 1985-ல்தான் மித்ராவும் ஜெயினும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முந்திய ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் எந்தச் செடியைச் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி மனதில் இருக்கட்டும்.

சோதனைக்குழாய்

நான் வேதியியல் ஆள், மருத்துவர் இல்லை. இதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

ஆய்வு நிஜம். 1988, லான்செட். எஸ். பி. தியாகராஜன் தலைமையில் சென்னைக் குழு செய்தது. அவர் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். கூட்டாளி யார் தெரியுமா? பாரூக் ப்ளம்பெர்க். ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கியவர். அதற்கு முந்தைய வருடம்தான் அவர்கள் வுட்சக் என்கிற வட அமெரிக்கக் கொறிவிலங்கில் இந்தச் செடியின் சாற்றைச் சோதித்திருந்தார்கள். அந்த விலங்குக்கு ஹெபடைடிஸ் பி-க்குப் பங்காளி முறையில் ஒரு கிருமி உண்டு. அந்தக் கிருமி பெருக உதவுகிற பாலிமரேஸ் நொதியைச் சாறு தடுத்தது என்று எழுதினார்கள்.

அடுத்தது மனிதர்கள். கிருமி இருந்தும் நோய்க்குறி இல்லாதவர்களுக்கு, அதாவது உங்கள் மைத்துனர் போன்றவர்களுக்கு, காய்ந்த செடிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லை, அதாவது கிருமி போய்விட்டதாகக் கணக்கு. அதுதான் 59 சதவீதம். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் போயிருந்தது.

வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. கதை நிற்கவில்லை. தாய்லாந்தில் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், கிருமி போகவில்லை. 1990-ல் அதே லான்செட்டில்தான் வந்தது. நியூசிலாந்தில் பார்த்தார்கள், 1994-ல் அவர்களும் கையை விரித்தார்கள். 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு ஃபில்லாந்தஸ் வகைச் செடிகளை வைத்துச் செய்த 16 சோதனைகளைச் சேர்த்து அலசி, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இது பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் கிருமி பெருகுவதைப் பிரமாதமாக அடக்குகின்றன. ஆனால் மேலுறைப் புரதமே மறைவது அவற்றிலும் அபூர்வம், வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் கொஞ்சம் பேருக்குத்தான். ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் ஆட்களுக்கு மறைந்தது என்றால் அது கீழாநெல்லி வரலாற்றில் மட்டுமில்லை, மருத்துவ வரலாற்றிலேயே பெரிய சங்கதி. அப்படிப்பட்ட முடிவு வேறு இடத்தில் திரும்ப வராவிட்டால் முதல் முடிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு பக்கம் 37, இன்னொரு பக்கம் 23 என்று ஏறுக்குமாறாக இருப்பதும் எனக்கு இடிக்கிறது.

நாட்டுவைத்தியம்_காப்போம்

எதிர்பார்த்ததுதான். நம் செடி ஜெயித்தால் மாத்திரைக் கம்பெனிக்கு நஷ்டம். அதனால் நாலு நாட்டில் ஆய்வு செய்து அமுக்கிவிட்டார்கள். எங்கள் தாத்தா நூற்றுக்கணக்கான பேருக்குக் காமாலை இறக்கியிருக்கிறார். அவர்கள் எல்லாம் பொய்யா?

சோதனைக்குழாய்

அமுக்கினார்கள் என்றால் யார், சார்? ப்ளம்பெர்க் வேலை பார்த்த பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் இந்தச் செடிச் சாற்றுக்குக் காப்புரிமையே எடுத்து வைத்திருந்தது. மருந்து ஜெயித்திருந்தால் அவர்களுக்குத்தான் லாபம். அமுக்குகிறவன் காப்புரிமை வாங்கமாட்டான்.

தாத்தா பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. அவரிடம் வந்தவர்களுக்கு என்ன காமாலை என்பதுதான் கேள்வி. அதை வார்டில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இரவுப்பணி

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். ஈரல் நோய் வார்டில் செவிலியர்.

காமாலை என்பது ஒரு நோய் இல்லை, அடையாளம். ரத்தச் சிவப்பணு உடையும்போது வருகிற பிலிருபின் வெளியே போகாமல் தேங்கினால் கண் மஞ்சளாகும். சாதாரணமாக அதன் அளவு டெசிலிட்டர் ரத்தத்துக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போகாது, இரண்டு மூன்றைத் தாண்டினால் கண்ணில் தெரியும். தேங்கக் காரணம் நிறைய. கெட்ட தண்ணீரில் வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ. எலிக்காய்ச்சல். சாராயம். அளவுக்கு மீறிய பாராசிட்டமால். பித்தக்குழாயில் கல். அதே குழாயை அடைக்கிற புற்று.

இதில் ஏ வகை வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சில வாரத்தில் தானாகவே தேறிவிடுவார்கள். கீழாநெல்லி குடித்தாலும் தேறுவார்கள், கரும்புச்சாறு குடித்தாலும் தேறுவார்கள், கையில் சூடு வைத்தாலும் தேறுவார்கள் (சூடு வைத்த தழும்போடு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்). பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றுகிற ஹெபடைடிஸ் பி கூட நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தானாகப் போய்விடும். பிறந்த குழந்தைக்கு அம்மாவிடமிருந்து தொற்றினால்தான் கணக்கு தலைகீழ், பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். கைராசிக்கார வைத்தியர் என்று பெயர் வாங்குவதற்கு இதைவிடத் தோதான நோய் கிடையாது.

எங்களிடம் வருவது அந்த மிச்சப் பேர். குழாயில் கல் அடைத்து, சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து, "பத்தியம் இருந்தோம், மஞ்சள் இறங்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். உப்பில்லாத கஞ்சி மட்டும் குடித்து ஆள் பாதியாகியிருப்பார். ஏற்கெனவே பசியில்லாதவரை ஏன்தான் பட்டினி போடுகிறார்களோ.

காமாலையோடு தூக்கம் மாறி பகலில் தூங்குவது, பேச்சு குழறுவது, ஈறில் ரத்தம், நிற்காத வாந்தி, கர்ப்பிணிக்குக் காமாலை: இதில் எது இருந்தாலும் எந்தச் சாறும் வேண்டாம், வண்டி பிடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிரையே எடுக்கும்.

வெள்ளாற்றங்கரை அண்ணா, உங்கள் மைத்துனருக்குக் காமாலையே இல்லை. அவருடைய கேள்வி வேறு. கிருமி எவ்வளவு இருக்கிறது, ஈரல் கெட்டிருக்கிறதா, இரண்டுதான். எச்பிவி டிஎன்ஏ (ரத்தத்தில் கிருமியின் அளவு), ஏஎல்டி (ஈரல் செல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற நொதி), இ-ஆன்டிஜென் (கிருமி தீவிரமாகப் பெருகுகிறதா என்று காட்டும்), ஒரு ஸ்கேன். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கச் சொல்லுங்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிற வேலை வேண்டாம், சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது. ரேசர், பல்துலக்கி மட்டும் தனி.

சித்தமருந்து

நான் பி.எஸ்.எம்.எஸ். என்கிற சித்த மருத்துவப் பட்டம் முடித்து மருத்துவம் பார்க்கிறேன். மேலே சொன்னதில் பெரும்பாலும் எனக்கு மறுப்பு இல்லை, கைராசி கிண்டலைத் தவிர.

சித்தத்தில் கீழாநெல்லி காமாலைக்கு மட்டும் உரியது அல்ல. நீர்க்கடுப்பு, வெட்டை, பெரும்பாடு, மேகம் எல்லாவற்றிலும் வருகிறது. குளிர்ச்சி என்பதுதான் அதன் முதல் குணம். சமூலமாக, அதாவது வேரோடு முழுச் செடியாக எடுத்துக் கழுவி, அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் காலையில் வெறும் வயிற்றில் என்பது பொதுவான முறை. ஆனால் எந்தச் சித்த மருத்துவரும் நாடி பார்க்காமல், நீர் பார்க்காமல் "காமாலையா, இந்தா" என்று கொடுப்பதில்லை. காமாலையில் வகை பிரிப்பது நம் நூல்களிலேயே இருக்கிறது. தானாகத் தீருவது எது, மருந்துக்கு அடங்காதது எது என்று அவர்களும் பிரித்துத்தான் வைத்தார்கள். யூடியூபில்தான் எல்லாக் காமாலைக்கும் ஒரே டம்ளர்.

என்னிடம் ஹெபடைடிஸ் பி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் டிஎன்ஏ ரிப்போர்ட்தான். டெனோஃபோவிர் ஆரம்பித்தவர்களை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். திடீரென்று நிறுத்தினால் கிருமி மொத்தமாகக் கிளம்பி ஈரலைத் தாக்கும். அப்படி ஒரு நோயாளியை நானே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

சோதனைக்குழாய் சாரிடம் ஒரு கேள்வி. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் தோற்றது செடியா, அந்த மருந்தா? எந்த மண், எந்தப் பருவம், எப்படிக் காயவைத்தார்கள் என்பதைப் பொறுத்துச் சரக்கின் வீரியம் மாறும் என்று நாங்கள் ஆதியிலிருந்து சொல்கிறோம்.

சோதனைக்குழாய்

நியாயமான கேள்வி, டாக்டர். இங்கேதான் வேதியியல் சுவாரசியமாகிறது.

செடியில் வேதிப்பொருள்களில் இரண்டு பெரிய கூட்டம் இருக்கிறது. ஒன்று லிக்னான்கள்: ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின், நிரான்தின், நிர்டெட்ராலின். கசப்புக்குக் காரணமான ஃபில்லாந்தினை 1946-ல் கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்ரியும் பிரித்தெடுத்தார்கள். சேஷாத்ரி நம் குளித்தலைக்காரர். 1985-ல் எலியின் ஈரல் செல்களைத் தட்டில் வளர்த்து, கார்பன் டெட்ராகுளோரைடு என்கிற நஞ்சை விட்டபோது, ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் செல்களைக் காப்பாற்றின. கீழாநெல்லி ஈரலைக் காக்கும் என்கிற பேச்சுக்கு ஆய்வக ஆதாரம் அங்கேதான் தொடங்குகிறது. அதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்று எல்லாஜிடானின்கள்: ஜெரானின், கொரிலாஜின், அமாரின். இவை தண்ணீரில் கரையும். லிக்னான்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலும் கொழுப்பும் கேட்கும். அதனால் செடியைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கஷாயம் இறக்கினால் டானின் பக்கம்தான் அதிகம் வரும். அதிலும் ஜெரானின் கொதியில் உடைந்து கொரிலாஜினாகவும் வேறு துண்டுகளாகவும் மாறும். பச்சையாக அரைத்து விழுங்கினால் விழுதோடு இரண்டுமே உள்ளே போகும். லிக்னான் அதிகம் இருப்பது இலையில்தான், வேரிலும் தண்டிலும் குறைவு. ஆக, கஷாயம் குடித்தவரும், விழுது விழுங்கியவரும், இலைப்பொடி மாத்திரை போட்டவரும் "கீழாநெல்லி சாப்பிட்டேன்" என்பார்கள். மூவர் வயிற்றுக்குள் போனதும் மூன்று வேறு சரக்கு. இந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் செடி வேறு, பருவம் வேறு என்கிற சமாதானத்தை எவ்வளவு தூரம் இழுப்பது? அப்படியானால் எந்த மண்ணில் எந்த மாதம் பறித்த செடி வேலை செய்யும் என்று ஒருவர் திரும்பவும் சோதித்துக் காட்ட வேண்டும். 1988-க்கு அப்புறம் அதற்கு நிறையக் காலம் இருந்தது.

பினாங்குக்காரன்

இந்தச் செடி எங்கள் வீட்டுப் பூந்தொட்டியில் களையாக முளைக்கும். மலாய்க்காரர்கள் 'டுக்குங் அனாக்' என்பார்கள், பிரசவித்த பெண்களுக்கும் கொடுப்பார்கள்.

லிக்னான் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இங்கே பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இந்த லிக்னான்களைக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தார்கள். வாய் வழியாகக் கொடுத்ததில் ஃபில்லாந்தின் ஒரு சதவீதம்கூட ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. நிரான்தின் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. தட்டில் வளர்த்த செல்லில் மருந்தை நேராக ஊற்றுவதும் ஆள் விழுங்குவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்கிறார்களே, அது எப்படி? என் அண்ணன் அதற்காகத்தான் குடிக்கிறார்.

சோதனைக்குழாய்

அதுதான் பிரேசில் பக்கத்துக் கதை. அங்கே இதன் உறவுச் செடியை 'கெப்ரா பெத்ரா', கல்லுடைப்பான் என்றே கூப்பிடுகிறார்கள். கால்சியம் ஆக்சலேட் படிகம் வளர்வதையும் ஒட்டிக்கொள்வதையும் சாறு தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிறவர்களுக்கு 2004-ல் கொடுத்துப் பார்த்தபோது அந்த அளவு குறைந்தது. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள், ஆனால் திசை நம்பிக்கையாக இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தச் செடியில் இனி மெனக்கெட வேண்டிய இடம் கல்தான், ஹெபடைடிஸ் பி இல்லை. ஏற்கெனவே உருண்டு திரண்ட பெரிய கல்லை உடைக்கும் என்று மட்டும் அண்ணன் நம்ப வேண்டாம்.

வரப்போரம்

கடைப்பொடி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி வாங்கி, டிஎன்ஏ வரைக்கும் சோதித்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. முக்கால்வாசி, சரியாகச் சொன்னால் 76 சதவீதம், நல்ல அமாரஸ். மிச்சத்தில் டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ், யூரினேரியா, மேலாநெல்லி என்று உறவுக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். மற்ற மூலிகைச் சந்தையோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் நாலில் ஒரு பொட்டலம் வேறு செடி.

பறிப்பதாக இருந்தால் பூச்சிமருந்து அடிக்கிற வயல் வரப்பு, சாக்கடை ஓரம், சாலை ஓரம் எல்லாம் வேண்டாம். இது ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே முளைக்கும், அது நல்ல ஈரமா என்று பார்க்காது.

நாட்டுவைத்தியம்_காப்போம்

சரி, ஈரல் கிருமிக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். குடித்தால் கெடுதல் உண்டா? அதைச் சொல்லுங்கள். பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோம்.

சித்தமருந்து

நல்ல ஆளுக்கு, சரியான செடி, அளவோடு, கொஞ்ச நாள் என்றால் பெரிய கெடுதலை நான் பார்த்ததில்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நீர் பிரிக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் வேண்டாம். பல மூலிகை கலந்த, பெயர் எழுதாத 'லிவர் டானிக்' பொடி எதுவும் யாருக்கும் வேண்டாம்.

இரவுப்பணி

கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் குடித்து ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். இயற்கை என்பதால் ஈரலுக்கு விலக்கு கிடையாது, எதை விழுங்கினாலும் பிரித்து மேய வேண்டியது அதுதான். ஹெபடைடிஸ் பி இருப்பவர் எந்தச் சாறு குடித்தாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. நாளைக்கு ஏஎல்டி ஏறினால் கிருமியால் ஏறியதா, சாற்றால் ஏறியதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. தகவல் சொல்ல வந்தேன். அரசு மருத்துவமனையிலேயே எடுத்தார்கள். டிஎன்ஏ அளவு ரொம்பக் குறைவு, ஏஎல்டி சரியாக இருக்கிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சிக்கு நெகட்டிவ், முதல் ஊசி போட்டாகிவிட்டது. பையனுக்குக் குழந்தையிலேயே தடுப்பூசி முழுக்கப் போட்டிருக்கிறது, அவனுக்கும் நெகட்டிவ்.

புதுப் பிரச்சினை என்னவென்றால், ரிசல்ட் கேட்டதும் தங்கச்சியின் மாமியார், "பார்த்தியா, கீழாநெல்லி வேலை செய்யுது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சோதனைக்குழாய்

ஒரே கேள்வி. சாறு குடிக்க ஆரம்பித்தது ரத்தம் எடுத்ததற்கு முன்னாலா, பின்னாலா?

வெள்ளாற்றங்கரை

பின்னால். ரத்தம் எடுத்த மறுநாள் காலையில்தான் முதல் டம்ளர்.

சோதனைக்குழாய்

அப்படியானால் அந்தத் தேதியை ரிப்போர்ட் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இந்த வாதம் திரும்ப வரும்.

வரப்போரம்

செடியை எங்கே பறித்தார்கள்? குச்சியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், காம்பு தெரிய வேண்டும்.

வெள்ளாற்றங்கரை

ஆற்றங்கரையில். படம் நாளைக்குப் போடுகிறேன். மாமியார் பார்க்காத நேரமாக எடுக்க வேண்டும்.

இரவுப்பணி

தங்கச்சிக்கு அடுத்த ஊசி முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் (ஊசியால் உண்டாகிற எதிர்ப்பொருள்) அளவு பார்க்கச் சொல்லுங்கள், பத்துக்கு மேல் இருக்க வேண்டும். கணவருக்குக் கிருமி இருக்கும்போது இந்த டெஸ்ட்டை விட்டுவிடக் கூடாது, நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.